புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களுக்கு: கை, எடை, உப்பு, சாப்பாடு

இனி டயாலிசிஸ்தான் என்று மருத்துவர் சொன்ன நாளில், அதற்குப் பிறகு அவர் பேசுவது வீட்டில் யார் காதிலும் ஏறுவதில்லை. அன்று தவறிப்போகும் விவரங்கள்தான் அடுத்த பல ஆண்டுகளுக்குத் தேவைப்படுகின்றன. அவற்றை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறோம். தமிழ்நாட்டில் மருத்துவமனைக்கு வந்து மெஷினில் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களுக்கானது இது. வயிற்றின் வழியாகச் செய்யும் சி.ஏ.பி.டி.க்குச் சாப்பாட்டுக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் வேறு. அவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். அதன் முதல் பக்கத்தில் ஐந்து எண்கள் இருக்க வேண்டும்: டிரை வெயிட், ஒரு நாளைக்கான தண்ணீர் அளவு, கடைசியாகப் பார்த்த பொட்டாசியம், ஹீமோகுளோபின், யூ.ஆர்.ஆர். இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்த நோயாளி, டெக்னீஷியனிடமும் மருத்துவரிடமும் சரியான கேள்வியைக் கேட்கிறார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறுகிற இடத்தில் உங்கள் உடம்பைப் பற்றித் தொடர்ச்சியாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். ஐந்து எண்களும் என்னவென்று போகப்போகத் தெரியும்.

மெஷின் செய்வதும் செய்யாததும்

ஒரு ஊசி வழியாக ரத்தம் நிமிடத்துக்கு 250 முதல் 350 மி.லி. வேகத்தில் வெளியே வந்து, டயலைசர் என்ற உருளைக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் வழியே ஓடி, இன்னொரு ஊசி வழியாகத் திரும்பிவிடுகிறது. அந்தக் குழாய்களுக்கு வெளியே டயாலிசேட் என்ற திரவம் எதிர்த்திசையில் நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடுகிறது. ரத்தத்தில் சேர்ந்த கழிவுகளான யூரியா, கிரியாட்டினின், கூடவே பொட்டாசியம் அதற்குள் கசிந்து போகின்றன. கூடவே உடம்பில் தேங்கிய தண்ணீரையும் மெஷின் இழுத்துவிடுகிறது. ஒரே நேரத்தில் உடம்புக்கு வெளியே இருக்கும் ரத்தம் ஏறக்குறைய ஒரு டம்ளர்தான். முடியும்போது அதையும் உள்ளே செலுத்திவிடுவார்கள்.

4 மணி நேரத்தில் உங்கள் ரத்தத்தின் பக்கத்தில் ஓடிப்போகும் தண்ணீர் 120 லிட்டர். அதனால்தான் ஆர்.ஓ. பிளான்ட் சரியாக இருப்பது அவ்வளவு முக்கியம். ஒரே ஷிஃப்டில் பலருக்கும் குளிர், காய்ச்சல், வாந்தி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான்.

மெஷின் செய்யாத வேலைகளும் உண்டு. ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் சுரப்பும், வைட்டமின் டி-யைச் செயல்படவைப்பதும் சிறுநீரகத்தின் வேலை. அதற்கு ஊசியும் மாத்திரையும் வேண்டும். பாஸ்பரஸையும் மெஷின் ஓரளவுக்குத்தான் எடுக்கும்.

வாரத்துக்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் என்பதுதான் அளவு. நன்றாகச் சிறுநீர் போகிறவர்களுக்கு மட்டும் மருத்துவர் 2 முறை போதும் என்பார். செலவுக்காகவோ அலைச்சலுக்காகவோ நாமாகக் குறைக்கக் கூடாது. ‘அரை மணி நேரம் முன்னாடியே எடுத்துவிடுங்கள்’ என்று கேட்பது பல மையங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். ஒன்றரை டயாலிசிஸ் போடாமலே விட்டதற்குச் சமம்.

முதல் டயாலிசிஸ் மட்டும் 2 மணி நேரம் அளவில், மெதுவான வேகத்தில் நடக்கும். பல மாதம் ஏறிக்கிடந்த யூரியாவை ஒரே நாளில் இறக்கினால் மூளையில் நீர் சேர்ந்து தலைவலி, வாந்தி, குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். நேரம் குறைவாகப் போட்டார்களே என்று சண்டை போட வேண்டாம்.

கழுத்துக் குழாய்

அவசரமாகத் தொடங்குகிறவர்களுக்குக் கழுத்தில், பெரும்பாலும் வலது பக்கம், கதீட்டர் போடுவார்கள். தற்காலிகக் குழாய் இரண்டு வாரத்துக்கானது. தோலுக்கு அடியில் சுரங்கம்போல் போட்டு நெஞ்சில் வெளியே வரும் பெர்ம்கேத் மாதக்கணக்கில் இருக்கும். இரண்டுமே நேராக இதயத்தின் வாசலில் போய் நிற்கின்றன என்பதை மறக்கக் கூடாது. அங்கே கிருமி ஏறினால் உடம்பு முழுக்க ஏறியதாகத்தான் அர்த்தம்.

குழாய் இருக்கும்வரை நெஞ்சுக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றிக் குளியுங்கள், மேலே துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் முடிவெட்டும் கடையில் செய்வதுபோலத் தலையைப் பின்னால் சாய்த்து, வேறொருவர் கழுவிவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது நர்சும் நீங்களும் இருவருமே மாஸ்க் போட்டிருக்க வேண்டும். வேறு எந்த மருத்துவமனையிலும் அந்தக் குழாயில் ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ விடாதீர்கள்.

மெஷின் போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரிக் குளிர் வந்தால், குழாயில் கிருமி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது ஆபத்து. ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எடுத்தால் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகலாம். குழாய் தவறி வெளியே வந்துவிட்டால் திரும்பத் தள்ளக் கூடாது. படுத்துக்கொண்டு, வெளியே வந்த இடத்தையும் கழுத்தில் குழாய் நுழைந்த இடத்தையும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஃபிஸ்துலா: உயிரைக் காக்கும் கை

கழுத்துக் குழாயிலேயே காலத்தை ஓட்ட நினைக்காதீர்கள். மணிக்கட்டிலோ முழங்கைக்குப் பக்கத்திலோ ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்துலாதான் நீண்ட நாள் தாங்கும், கிருமித் தொற்றும் குறைவு. எழுதாத, சாப்பிடாத கையில் செய்வது வழக்கம். கிரியாட்டினின் ஏறத் தொடங்கியதுமே அந்தக் கையில் ரத்தம் எடுக்கவும் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போடவும் விடாமல் காப்பாற்றி வைத்தால் பாதி வேலை முடிந்தது. காய்ச்சலுக்கு நான்கு நாள் டிரிப்ஸ் ஏறிய சிரை சுருங்கிப்போயிருக்கும். அறுவை செய்பவருக்கு இணைக்க நல்ல சிரை கிடைக்காது.

ஆபரேஷன் முடிந்த உடனேயே ஃபிஸ்துலாவைப் பயன்படுத்த முடியாது. சிரை தடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். 6 மி.மீ. அகலம், நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம், தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஆழம் என்று ஆறு ஆறாகக் கணக்குப் பார்ப்பார்கள். புண் ஆறியதும் மெத்தென்ற பந்தை ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம் என்று நாளைக்குப் பலமுறை அழுத்தி அழுத்தி விடுங்கள்.

காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மறு கையின் விரல்களை ஃபிஸ்துலா மேல் வைத்துப் பாருங்கள். செல்போன் வைப்ரேட் ஆவதுபோல இடைவிடாத அதிர்வு தெரிய வேண்டும். காதோடு வைத்தால் தொடர்ச்சியான இரைச்சல் கேட்கும். அதிர்வு குறைந்து நாடிபோல டக் டக்கென்று மட்டும் அடித்தால் மேலே எங்கோ சிரை சுருங்குகிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிர்வு அடியோடு நின்றிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது. அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். நேரத்தோடு போனால் கட்டியை எடுத்து அதே கையைக் காப்பாற்ற வழியுண்டு.

ஃபிஸ்துலா உறைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. அதிகத் தண்ணீர் எடுத்து பி.பி. இறங்குவது, வயிற்றுப்போக்கில் உடம்பு வறள்வது, பிளாஸ்திரியை இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவது, அந்தக் கையைத் தலைக்கு அடியில் மடக்கித் தூங்குவது, இறுக்கமான வளையல், வாட்ச், ஜாக்கெட் கை, கனமான பையை முழங்கையில் மாட்டுவது. பி.பி. பார்க்கிறவர் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தால் நீங்களே மறு கையை நீட்டிவிடுங்கள்.

ஊசி போடும் நாளில்:

1. மெஷினுக்கு வருமுன் கை முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமாகத் துடையுங்கள்.
2. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லுங்கள்.
3. போன முறை குத்திய இடத்திலிருந்து சற்றுத் தள்ளிக் குத்தச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் வலி தெரியாது என்று நோயாளிகளே அதைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்த இடம்தான் பிறகு பலூன்போல உப்பி, தோல் மெலிந்து பளபளத்து, ஒருநாள் வெடிக்கிறது.
4. ஊசி எடுத்ததும் மடித்த பஞ்சுத் துணியை இரண்டு விரலால் 10 முதல் 15 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் திறந்து பார்த்தால் முதலிலிருந்து அழுத்த வேண்டும். அழுத்தும்போதும் பக்கத்தில் அதிர்வு தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அழுத்தம் அதிகம்.
5. வீட்டுக்கு வந்து சில மணி நேரத்தில் பிளாஸ்திரியை எடுத்துவிடுங்கள்.

அரை மணி நேரம் அழுத்தியும் நிற்காமல் பலமுறை ஆனால் மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபரின் மருந்தின் அளவு கூடியிருக்கலாம், அல்லது சிரை சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை, தண்ணீர், உப்பு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். உடம்பில் அதிகத் தண்ணீர் இல்லாமல், வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாமல், பி.பி.யும் சரியாக இருக்கும் எடைதான் டிரை வெயிட். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறும் எடை சதை அல்ல, தண்ணீர். 1 கிலோ ஏறினால் 1 லிட்டர்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு, மணிக்கு 10 மி.லி. என்பது பாதுகாப்பான அளவு, 13 மி.லி.யைத் தாண்டினால் இதயத்துக்குச் சுமை. 50 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் 2 லிட்டர்; இழுத்துப் பிடித்தால் 2.6 லிட்டர். அவர் நாலு கிலோ ஏற்றிக்கொண்டு வந்தால், பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும், அல்லது இழுத்து இழுத்து பி.பி. விழுந்து கால் பிடித்துக்கொள்ளும். ‘டயாலிசிஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்பவர்களின் நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த நாலு கிலோதான் இருக்கும்.

மெஷினில் தட்டும் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். டிரை வெயிட் 51, இன்று வந்த எடை 53. எடுக்க வேண்டியது 2 லிட்டர். முடியும்போது ரத்தத்தைத் திருப்பச் செலுத்தும் சலைன் 200 மி.லி., நடுவில் குடிக்கும் காபி 100 மி.லி. கூட்டினால் 2.3 லிட்டர். செருப்பு, செல்போன், பர்ஸோடு எடை மெஷினில் ஏறினால் அரை கிலோ பொய்யாகக் கூடி, அந்த அரை லிட்டரும் உங்கள் ரத்தத்திலிருந்து போகும். வந்த எடை, போன எடை இரண்டையும் ஒரே மெஷினில், ஒரே மாதிரி உடையில் பாருங்கள்.

டிரை வெயிட் நிலையான எண் அல்ல. பசி திரும்பி நன்றாகச் சாப்பிட்டால் சதை போடும். பழைய எடைக்கே இழுத்தால் தலைசுற்றலும் பிடிப்பும் வரும். காய்ச்சலில் மெலிந்தால் நேர்மாறு: எடை அதேதான் காட்டும், சதை போன இடத்தில் தண்ணீர் நிற்கும். இரவில் தட்டையாகப் படுக்க முடியாமல் இரண்டு தலையணை தேவைப்பட்டால் டிரை வெயிட்டைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். மாதம் ஒருமுறையாவது இதைப் பேச வேண்டும்.

குடிக்கும் அளவு: முந்தின நாள் 24 மணி நேரத்தில் போன சிறுநீரை அளந்து, அதோடு 500 முதல் 750 மி.லி. கூட்டுங்கள். சிறுநீரே வராதவர்களுக்கு அந்த 500–750 மட்டும்தான். மே மாத வெயிலில் வேலை செய்பவர்களுக்குச் சற்றுக் கூட்டலாமா என்று உங்கள் மருத்துவர் சொல்லட்டும். டீ, காபி, மோர், ரசம், சாம்பார், கஞ்சி, ஐஸ்கிரீம், மாத்திரை போடும் தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில்தான். காலையிலேயே அன்றைய அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். ஒரு டம்ளர் ரசம் குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரை வெளியே கொட்டிவிடுங்கள். மாத்திரைகளை மோரோடு சேர்த்துப் போடுவது, சின்ன டம்ளருக்கு மாறுவது, வாய் கொப்பளித்துத் துப்புவது, அளந்த தண்ணீரை ஐஸ் கட்டியாக்கி வாயில் ஒதுக்குவது, இவையெல்லாம் உதவும்.

ஆனால் தாகத்தோடு மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததில்லை. தாகத்தை உண்டாக்குவது உப்பு. 8 கிராம் உப்பு உடம்புக்குள் போனால், அதைக் கரைத்துச் சமநிலைக்குக் கொண்டுவர ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு கேட்டு வாங்கும். அதனால் தண்ணீரை அளப்பதற்கு முன்பே உப்பை அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். இப்போது எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் மேல் தேதி எழுதிப் பாருங்கள், பல வீடுகளில் மூன்று வாரம்கூடத் தாண்டாது. ஊறுகாய், அப்பளம், வடாம், மோர்மிளகாய், கருவாடு, சிப்ஸ், மிக்ஸர், பாக்கெட் மசாலா, ஹோட்டல் சாம்பார் இவற்றை நிறுத்தினாலே பாதி குறையும். சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்புப் போட வேண்டாம். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை சேர்த்தால் சப்பென்று இருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பும் உப்புதான், தாகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பது அதைவிட ஆபத்து. சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறார்கள். பி.பி. உள்ள மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம், டயாலிசிஸ் நோயாளிக்கு விஷம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: சர்க்கரை ஏறியிருந்தால் உப்பைக் குறைத்தும் தாகம் அடங்காது.

சாப்பாடு

டயாலிசிஸ் தொடங்கும்வரை பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு கணக்கு தலைகீழாகிறது. ஒவ்வொரு முறையும் டயலைசர் வழியாக அமினோ அமிலங்கள் போய்விடுகின்றன. இப்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம். பழைய டயட் சீட்டைப் பிடித்துக்கொண்டு கஞ்சியிலேயே இருப்பவர்களின் அல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) இறங்கி, கால் மெலிந்து, தொற்று சுலபமாக வருகிறது. மூன்று முட்டை வெள்ளைக்கருவில் 10 கிராம் கிடைக்கும். நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம். மீதி சோறு, இட்லி, பருப்பு, தயிரிலிருந்து வந்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பு, பனீர், சோயாவை டயட்டீஷியனோடு உட்கார்ந்து அளவு போட்டுக்கொள்ள வேண்டும்.

பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் நல்லது. 6-ஐத் தாண்டினால் வலி எதுவும் இல்லாமலே இதயத் துடிப்பு குலைந்து நின்றுபோகலாம். எந்த அறிகுறியும் காட்டாமல் வருவதுதான் இதன் கொடூரம். இளநீர், வாழைப்பழம், பலாப்பழம், மாம்பழம், சப்போட்டா, பேரீச்சை, உலர்ந்த திராட்சை, முருங்கைக்கீரை, உருளை, சேனை, மரவள்ளி, தக்காளி சூப், ஜூஸ் வகைகள், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றில் இது அதிகம். ‘கிட்னிக்கு நல்லது’ என்று உறவினர் வாங்கிவரும் ஒரு இளநீரில் 500 மி.கி. அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும். பலருக்கு நாள் முழுக்க அனுமதி 2000 மி.கி. சுற்றித்தான். நட்சத்திரப் பழத்தை ஒரு துண்டுகூடத் தொடாதீர்கள். அதிலுள்ள நச்சு நேராக மூளையைத் தாக்கி விடாத விக்கலும் வலிப்பும் வரவழைக்கும். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி இவற்றில் ஏதாவது ஒன்று, சின்ன கிண்ணம் அளவு, நாளைக்கு ஒருமுறை போதும்.

காய்களைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, மறுபடி நிறையப் புதுத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் கணிசமாக இறங்கும். வடித்த தண்ணீரைச் சாம்பாரில் ஊற்றினால் செய்த வேலை வீண். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அவித்தால் எதுவும் வெளியேறாது. மலச்சிக்கலையும் சரிசெய்யுங்கள், சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் ஓரளவு மலத்தில்தான் போகிறது.

வாரத்தில் ஒரு இடைவெளி நீளமாக இருக்கும், சனி முடித்து செவ்வாய் என்பதுபோல. திடீர் இதயக் கோளாறுகள் அதிகம் நடப்பது அந்த இடைவெளியின் கடைசியில்தான். கல்யாணம், கெடா விருந்து அந்த நாளில் விழுந்தால் இரட்டைக் கவனம் தேவை.

பாஸ்பரஸ் ஏறினால் முதலில் அரிப்பு, பிறகு எலும்பும் ரத்தக்குழாயும் கெடும். கோலா, பாக்கெட் சீஸ், பேக்கரிப் பண்டம், சத்துமாவு பானங்கள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, அதிகப் பால் இவற்றைக் குறையுங்கள். கால்சியம் அசிடேட், செவெலமர் போன்ற மாத்திரைகள் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து வைப்பவை. அதனால் சாப்பாட்டுக்கு நடுவில் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. அந்த வேளை சாப்பிடாவிட்டால் மாத்திரையும் வேண்டாம்.

மெஷினில் இருக்கும்போது

டயலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் மையமாக இருந்தால், மாட்டுவதற்கு முன் அதில் எழுதியிருக்கும் பெயர் உங்களுடையதா என்று கண்ணால் பாருங்கள். கழுவப் பயன்படுத்திய ரசாயனம் மிச்சமில்லை என்று சோதித்தார்களா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல டெக்னீஷியன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பி.பி. விழுவதற்கு முன் உடம்பு சொல்லிவிடும்: தொடர்ந்து கொட்டாவி, வியர்வை, காது அடைப்பு, கண் மங்கல், குமட்டல். அப்போதே கூப்பிட வேண்டும். தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, 100, 200 மி.லி. சலைன் விட்டால் சரியாகிவிடும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி பி.பி. விழுகிறவர்கள் மெஷினில் இருக்கும்போது சாப்பிடக் கூடாது, ரத்தம் வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். பி.பி. மாத்திரையைக் காலையில் போட்டு வரலாமா, முடித்துவிட்டுப் போடலாமா என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொடங்கிய சில நிமிடங்களில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், உடம்பு முழுக்க அரிப்பு வந்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்.

மருந்தும் பரிசோதனையும்

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், பாராசிட்டமால் பரவாயில்லை. மெக்னீசியம், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தும் வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டியிருக்கும். சிறுநீரகம் போனபின் இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் பழைய அளவு அதிகமாகிவிடும், சர்க்கரை திடீரென்று இறங்கும். இறங்கினால் ஜூஸும் வாழைப்பழமும் கொடுக்காமல், மூன்று ஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பவுடரையோ கொஞ்சம் தண்ணீரில் கலந்து கொடுங்கள். டயாலிசிஸை நிறுத்திவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் கஷாயம், பஸ்பம் எதையும் நம்பிக் கெட்டுவிடாதீர்கள்.

ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 வரை இருந்தால் போதும். எரித்ரோபாய்ட்டின் ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது, ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஊசி எவ்வளவு போட்டாலும் ஏறாது. மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்கள் கூடியவரை ரத்தம் ஏற்றிக்கொள்ளாமல் பாருங்கள். அடுத்தவர் ரத்தம் ஏறினால் எதிர்ப்பொருள் உருவாகி, பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும்.

டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்பதைக் காட்டுவது யூ.ஆர்.ஆர். தொடங்கும் முன் யூரியா 120, முடிந்தபின் 40 என்றால் 80 குறைந்திருக்கிறது. அதாவது 67 சதவீதம். 65-க்குக் கீழே இருந்தால் நேரம், ரத்த ஓட்டம், ஃபிஸ்துலா, டயலைசர் நான்கில் எங்கோ குறை. சில மையங்களில் கே.டி./வி. என்று சொல்வார்கள், அது 1.2-க்குக் குறையக் கூடாது. மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இரட்டை அளவில் 0, 1, 2, 6 ஆகிய மாதங்களில் ஃபிஸ்துலா இல்லாத கையில் போட்டுக்கொண்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் 10-க்கு மேல் வந்ததா என்று பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். வெளியூர் போனால் அங்குள்ள மையம் முதலில் கேட்பது அதைத்தான். கூடவே கடைசி மூன்று டயாலிசிஸ் சீட்டின் நகலும் வேண்டும்.

அவசரம்

வீட்டில் ஃபிஸ்துலாவிலிருந்து ரத்தம் பீறிட்டால், கையை உயர்த்தி, ரத்தம் வரும் ஓட்டையின் மேலேயே விரலால் அழுத்துங்கள். பெரிய துண்டைச் சுற்றினால் உள்ளே கொட்டிக்கொண்டே இருப்பது தெரியாது. இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். டயாலிசிஸ் நோயாளி என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

படுத்தால் மூச்சு முட்டுவது, கால் தளர்ந்து எழுந்திருக்க முடியாதது, நாடி மெதுவாவது, நெஞ்சு வலி, குழாய் உள்ளவருக்குக் குளிர் காய்ச்சல் எதுவானாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். புதிய மருத்துவமனையில் வழக்கப்படி சலைன் பாட்டிலைத் தொங்கவிட வந்தால், சிறுநீர் போகாது என்று சொல்லித் தடுக்க வேண்டியது கூட வந்தவரின் வேலை.

புயல் எச்சரிக்கை வந்தால் ஒருநாள் முன்னதாகவே டயாலிசிஸ் கேட்டு வாங்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. மாட்டிக்கொண்டால் தண்ணீரைப் பாதியாக்கி, பழம் காயை முழுக்க நிறுத்தி, உப்பில்லாத சோறு, முட்டை வெள்ளைக்கரு என்று சமாளிக்க வேண்டும்.

பணமும் பதிவும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் மாற்று அறுவையும் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். உடம்பு முடியாமல் படுத்தபின் அலையாமல், கிரியாட்டினின் ஏறும்போதே அட்டையை வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இருக்கிறது என்பதை 104-இல் கேட்கலாம்.

உடல்நிலை இடம் கொடுத்தால் மாற்று அறுவையைப் பற்றி முதல் மாதமே பேசுங்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினராக ஏற்கிறது. அவர்களில் யாரும் பொருந்தாவிட்டால், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்கு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதியலாம். பதிந்துவிட்டு மறந்துவிடக் கூடாது; மருத்துவமனை கேட்கும்போதெல்லாம் போய்ப் பரிசோதனைகளைப் புதுப்பித்தால்தான் முறை வரும்போது தகுதியோடு இருப்பீர்கள். செல்போன் எண்ணை மாற்றினால் அன்றைக்கே புது எண்ணை அங்கே பதியச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். அழைப்பு நள்ளிரவிலும் வரும், சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கும்.